செத்தவீட்டில் சொல்லாத சொல்

பெரியகல்லாறு
2024.02.04

என் தும்பி மனேக்கு,

அம்மா எழுதுவது, மகளே. நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன். நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாய் என்று பக்கத்து வீட்டு விதுர்ஷா போனைப் பார்த்துச் சொன்னாள். கண்ணகை அம்மன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

போனில் பேசினால் எனக்கு இரைச்சல்தான் வருகிறது. இரண்டு காதும் அடைத்துப் போனது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து. நீ இங்கிலீசு டீச்சர் என்றாலும் பிழை பார்க்காதே. விதுர்ஷா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். வாசிக்க மாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சொன்னாள். வாசிப்பாள். நீயும் கையால் எழுதி அப்படியே அனுப்பு. முனாஸின் கடையில் கடதாசியில் எடுத்துத் தருவார்கள்.

அப்பா போய்ப் பதினெட்டு நாள். எட்டாம் நாள், எட்டுச் செலவு முடியும் மட்டும் வீட்டில் அடுப்பு மூட்ட விடவில்லை. ஆறு வீட்டுச் சோறு வந்தது. ஒன்பதாம் நாள் நீ போனாய். பத்தாம் நாள் ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை. குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கிறது. ஒரு தேங்காய் உடைத்தால் மற்றப் பாதி புளித்துப் போகிறது.

முப்பத்தொன்றாம் நாள் முடியும் மட்டும் மீன் மச்சம் தொடாதே. நடுக்கடலில் மரக்கறிக்கு எங்கே போவாய் என்று தெரியவில்லை. சம்பலில் மாசிக் கருவாடு போடாதே.

அப்பாவின் தங்கச்சி மகன் ரதீஸ் வந்தான். கொள்ளி வைத்த பிள்ளை. "மாமி, தோணி சும்மா கிடந்து உக்கப்போகுது, நான் கொண்டு போகட்டா?" என்றான். மகள் டிசம்பரில் வந்துவிடுவாள், வந்ததும் அவளைக் கேள் என்று சொல்லி அனுப்பினேன். வீடும் உன் பேரில், தோணியும் உன் பேரில். நான் காவல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

நேரத்துக்குத் தின்.

அம்மா,
தங்கப்பிள்ளை


மாலைதீவு
2024.02.12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் வகுப்பை விட்டு வெளியே வந்து நின்று வாசித்தேன். மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

இது போன வருடம் இருந்த தீவு இல்லை. அதைவிடச் சின்னது. ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு நடக்க இருபது நிமிடம். படகால் இறங்கியபோது மழை. டீச்சர்மாருக்கான அறைக்குக் கூரைத் தகடு பறந்து போயிருந்தது. சாமான்களோடு வாசலில் நின்றேன். எதிர்வீட்டு வாசலில் இருந்த ஒரு பெண் எழும்பி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் பெரிய பையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அவள் பெயர் ஹவ்வா. கணவர் வேறு தீவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. வீட்டில் அவளும் இரண்டு மகள்மாரும் அவளுடைய வயதான வாப்பா இப்ராகீமும். கூரை போட்டு முடியும் வரை அங்கேதான் படுக்கை.

முதல் நாள் சோற்றோடு சூரை மீன் வைத்தாள். நான் தொடவில்லை. இரண்டாம் நாளும் மீன். மூன்றாம் நாள் கிழவர் சைகையால் வயிற்றைக் காட்டி, நோயா என்று கேட்டார். சொல்ல நினைத்திருக்கவில்லை. அப்பா செத்துப் போனார், ஒரு மாதம் மீன் இல்லை என்று சொன்னேன்.

ஹவ்வா என் பீங்கானை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் பாடசாலையால் வந்து பார்த்தால் மேசையில் மூன்று தக்காளி, ஒரு துண்டுப் பூசணி, பாதி முட்டைக்கோவா, ஒரு பிடி முருங்கை இலை. இங்கே மரக்கறி வாரத்துக்கு ஒரு தடவை சரக்குப் படகில் வருவது. அவள் வீதி முழுக்கப் போய் ஒவ்வொரு குசினியாகக் கேட்டிருக்கிறாள். அந்தப் பாதிக் கோவாவைத் தந்த வீடு எது என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்ததில் நிறைய எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
யசோதினி


பெரியகல்லாறு
2024.02.18

என் தும்பி மனேக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்றதும் நிம்மதி. எனக்கு முழங்காலில் மட்டும் நோவு.

நேற்று முந்தினநாள் முப்பத்தொன்று முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். ரதீஸ் எல்லாம் செய்தான். அப்பாவுக்கு விருப்பமான கீரை மீன் வைத்துப் படைத்தோம். இனி நீ மீன் தின்னலாம்.

அந்தக் கோவாவை நினைத்து நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். உன் அப்பா, கதிர்காமத்தம்பி என்று ஒரு மனிதன், இந்த வாவியில் வலை போட்டுக்கொண்டிருந்தான் என்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. அவனுக்காக மீனை ஒதுக்கி வைத்துவிட்டுக் குசினி குசினியாகப் போயிருக்கிறாள். அவள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இங்கே அப்பாவோடு பிறந்தவள், உன் மாமி, நீ போன அன்றோடு நின்றவள் முப்பத்தொன்றுக்குத்தான் வந்தாள். வந்து, "மச்சாள், மெலிஞ்சித்தீங்க, வடிவாச் சாப்பிடுறல்லயா?" என்றாள். ஓம், ஆராவது போட்டால் சாப்பிடுவேன் என்றேன். அவளுக்கு முகம் கறுத்துப் போனது.

டிசம்பரில் எத்தனையாம் தேதி வருவாய்? சொன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்.

அம்மா


மாலைதீவு
2024.03.23

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம், பரீட்சை வேலை.

அறைக்குக் கூரை போட்டுவிட்டார்கள். ஆனால் பின்னேரச் சாப்பாடு ஹவ்வா வீட்டில்தான். இப்போது நோன்பு மாதம். சூரியன் இறங்கியதும் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். காத்தான்குடி நோன்புக் கஞ்சி மாதிரி இல்லை. மாசியும் தேங்காயும் போட்டு உருட்டிய பலகாரம், தர்ப்பூசணி. ஒருநாள் பிந்திப் போனேன். ஒருவரும் பீங்கானைத் தொடாமல் இருந்தார்கள். கிழவர் நோன்பை வெறும் தண்ணீரால் திறந்துவிட்டுக் கதவைப் பார்த்தபடி இருந்தார்.

அவருக்கு என்னிடம் இங்கிலீசு படிக்க ஆசை. ஒரு நாளைக்கு ஒரு வசனம். அதுவும் சாப்பாட்டைப் பற்றிய வசனம் மட்டும். மற்றது எதற்கு என்கிறார். முன்னால் இரண்டு பல்தான் இருக்கிறது. அவர் சொல்லும்போது பேத்திகள் விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் பேசுவதை எங்கட பேச்சில் எழுதினால் இப்படி இருக்கும்: "சிரிங்கடி, டீச்சர் என்னைத்தான் முதலாம் பிள்ளை எண்டு போடுவா. நீங்கெல்லாம் பெயில்."

அப்பாவும் இப்படித்தானே பேசுவார்.

விதுர்ஷாவுக்கு என் அன்பு.

யசோதினி


பெரியகல்லாறு
2024.04.02

தும்பி,

உன் கடிதம் கண்டேன். நான் இருக்கிறேன். உனக்குச் சளி பிடிக்கவில்லையே?

கடிதத்தில் அந்தப் பெரியவரின் பல்லுக்குக்கூட இடம் இருந்தது. டிசம்பருக்கு இடம் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

இறால் நன்றாகப் படுகிறது என்கிறார்கள். நான் கரைப்பக்கம் போகவில்லை. தோணியில் கொக்கு இருக்கிறது.

அவர்களுக்கு என் சலாம் சொல்லு.

அம்மா


மாலைதீவு
2024.05.12

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம் என்று எழுதினால் அது பொய்.

மே இரண்டாம் தேதி இப்ராகீம் வாப்பா காலமாகிவிட்டார். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே. பின்னேரத்துக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. நான் பாடசாலையிலிருந்து நேரே போனேன். ஹவ்வாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன். ஆறு மணிபோல எழும்பினேன். ஹவ்வா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

துக்க வீட்டாரை என் சாப்பாட்டுக்காக அலைக்கக் கூடாது என்று அதன்பிறகு நான் போகவில்லை. கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். பத்து நாளாகிறது. ஒருவரும் கூப்பிடவில்லை. ரோட்டில் கண்டால் ஹவ்வா மற்றப் பக்கம் திரும்புகிறாள். சின்ன மகள் என் வகுப்புத்தான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். கடையில்கூட முன்பு போல ஒருவரும் கதைப்பதில்லை. அறையில் தனியே பாணைத் தின்கிறேன்.

நான் என்ன பிழை விட்டேன் அம்மா? உங்களிடம் கேட்க வேண்டும் போல இருந்தது.

யசோ


பெரியகல்லாறு
2024.05.13

என் தும்பி மனேக்கு,

உன் கடிதத்தை முனாஸின் கடை வாசலிலேயே நின்று வாசித்தேன். விதுர்ஷாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், உடனே அனுப்ப வேண்டும். அந்தப் பெரியவர் நல்ல இடத்துக்குப் போகட்டும்.

நீ ஒரு பிழையும் விடவில்லை. எங்கள் முறையைச் செய்தாய். அதுதான் அங்கே பிழையாய்ப் போயிருக்கிறது.

உனக்கு நாலு வயது. குறுக்குத்தெருவில் ஒரு செத்தவீடு. திரும்பும்போது நீ வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்க "போயித்து வாறன்" என்று கத்தினாய். செத்தவீட்டில் அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொன்ன மாதிரி. தொடையில் கிள்ளினேன், தோல் உரிந்துவிட்டது. அதன்பிறகு எந்தச் செத்தவீட்டிலும் நீ வாய் திறந்ததில்லை.

அந்தச் சனத்துக்கு இது எப்படித் தெரியும்? மூன்று மாதம் சோறு போட்ட வீட்டில் மனிதர் செத்த அன்றைக்கு, ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போனாள், பிறகு எட்டியும் பார்க்கவில்லை என்றுதான் இருக்கும். எனக்கு ஒருத்தி அப்படிச் செய்தால் நானும் முகத்தைத் திருப்புவேன்.

நாளைக்கே போ. வெறுங்கையோடு போகாதே, சீனியாவது கொண்டு போ. உள்ளே கூப்பிடும் மட்டும் வாசலில் நில்லு. வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லு, நான் கிள்ளினதையும் சொல்லு. அந்த வீட்டை இழந்துவிடாதே மனே. எனக்கு அங்கே வேறு ஆளில்லை.

அம்மா


மாலைதீவு
2024.05.24

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம். குளிர்த்திச் சடங்குக்கு அம்மன் கோயிலுக்குப் போனீர்களா? சனம் நெரித்திருக்கும், முழங்கால் கவனம்.

நீங்கள் சொன்னபடி சீனியோடு போய் வாசலில் நின்றேன். ஹவ்வா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி இங்கிலீசு, பாதி அவர்கள் பாசை, பாதி கை. நீங்கள் கிள்ளினதைச் சொல்ல என் தொடையையே கிள்ளிக் காட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.

"இவ்வளவு நாளா நான் என்ன நினைச்சன் தெரியுமா டீச்சர்? வாப்பா போயிட்டார், இனி இந்த வீட்டில எனக்கு என்ன இரிக்கி எண்டு நீ போயிட்டாய் எண்டு நினைச்சன். எங்கட ஆக்களில சொல்லாமப் போறவ, திரும்பி வர மனமில்லாதவ."

"நான் எங்கயும் போகல்ல. இன்னும் ரெண்டு வருசம் இஞ்சதான் இரிக்கன். உங்களுக்குத்தான் அலுத்துப் போகும்" என்றேன்.

அவள் உடனே உள்ளே போய்ப் பீங்கான் எடுத்தாள். மீன் கழுவின கையாலேயே. மூத்த மகள் கத்தினாள், "உம்மா, கையக் கழுவுங்க, டீச்சர் வாந்தி எடுக்கப்போறா."

வாப்பா வழக்கமாய் இருந்த இடத்தில் என்னை இருத்தினார்கள். உங்களால்தான் அம்மா.

யசோதினி


பெரியகல்லாறு
2024.05.27

யசோதினிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு அம்மன் துணை.

ஹவ்வா சோறு போட்டது சந்தோசம். சண்டை தீர்ந்ததும் சந்தோசம்.

இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் சொன்னது டிசம்பர். கையெழுத்து எப்போது வைத்தாய்?

அம்மா


பெரியகல்லாறு
2024.06.20

யசோதினிக்கு,

நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். நான் எழுதி மூன்று கிழமை தாண்டிவிட்டது. "வாசிச்சித்தா மாமி. நீலக் கோடு விழுந்திரிக்கி" என்று விதுர்ஷா சொல்கிறாள். எனக்கு அந்தக் கோடு விளங்காது. வாசித்தும் எழுதவில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

நேற்று ரதீஸ் திரும்பவும் வந்தான். "மச்சாள் டிசம்பர்ல வாறாதானே மாமி?" என்று காதுக்குள் கத்தினான். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். காது போனதால் அப்படி ஒரு வசதி இருக்கிறது.

பிழை நினைக்காதே. ஏசுவதற்காகக் கேட்கவில்லை.

அம்மா


மாலைதீவு
2024.07.14

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி கையெழுத்து வைத்தேன். புதுத் தீவு, புது ஒப்பந்தம், இரண்டரை வருடம். அன்றைக்கே அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "கொம்மாட்ட நீ வாயத் திறக்காத. நான் சொல்றன். நல்ல நேரம் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். பதினேழாம் தேதி போய்விட்டார்.

வந்து பார்த்ததும் உங்களுக்குத் தெரியாது என்று விளங்கியது. செத்தவீட்டில் வைத்து அதை எப்படிச் சொல்வேன்? எட்டு முடியட்டும் என்றிருந்தேன். எட்டு முடிந்ததும் போக வேண்டி வந்துவிட்டது. கடிதத்தில் எழுதலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். ஹவ்வாவுக்குச் சொன்ன கதையை எழுதும்போது அந்த வரியை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். சம்பளம் என்று சொல்லலாம். அது மட்டும் இல்லை. இங்கே ஹவ்வாவின் வாசலில் இருக்கும்போது என்னிடம் ஒருவரும் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. இதை எழுதுவது பாவம் என்று தெரியும்.

ஜனவரியில் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமோ தெரியாது.

மன்னியுங்கள்.

யசோ


பெரியகல்லாறு
2024.08.04

என் தும்பி மனேக்கு,

நான் சுகம். காய்ச்சல் வந்தது, போய்விட்டது. நீ சுகமாய் இரு. ஹவ்வாவும் பிள்ளைகளும் சுகமாய் இருக்கட்டும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதியிலிருந்து பதினேழு மட்டும் எட்டு நாள். எட்டு நாளும் அந்த மனிதர் என் கையால் சோறு தின்றார். தைப்பொங்கலும் அதற்குள்தான் வந்தது. பால் பொங்கும்போது பக்கத்தில் நின்றார். டிசம்பரில் மகள் வந்ததும் இந்தக் கிணற்றைக் கட்டுவோம் என்று நான் சொல்லச் சொல்ல ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவருக்கு ஒரு நல்ல நேரமும் வாய்க்கவில்லை போல இருக்கிறது. அவரோடு சண்டை பிடிக்க ஆசையாய் இருக்கிறது. ஆளில்லை.

தோணியை ரதீஸ் கொண்டு போனான். நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். திவசத்துக்கு லீவு கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். அவன் செய்வான்.

ஹவ்வாவிடம் எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளை மழையில் நிற்கும்போது பையைத் தலையில் தூக்கினவள். கோபம் வரட்டும் என்று இருந்து பார்த்தேன், வரவில்லை. எரிச்சல் மட்டும் இருக்கிறது. அவளுக்கு நீ வாசலில் வைத்து உண்மையைச் சொன்னாய். அதைச் சொல்லப் போ என்று அனுப்பினது நான். அவளுக்குச் சொன்ன சொல்லில் ஒரு துண்டுதான் எனக்கு வந்தது.

ஒன்று மட்டும் மனதில் கிடந்து அரிக்கிறது. நீ போன அன்று காலை ஆட்டோ வந்து நின்றது. நான் இந்தப் பக்கம், மாமி அந்தப் பக்கம். பையைத் தூக்கிக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். வாய் திறந்தது. எனக்குக் காது கேட்காது, அதனால் ஆட்களின் வாயைத்தான் பார்ப்பேன், உனக்குத் தெரியும். திறந்தது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மாமி உன் கையைப் பிடித்து, "சொல்லப்படாது மனே, பேசாம ஏறு" என்றாள். நீ மூடிக்கொண்டு ஏறிவிட்டாய். என்ட மகள் எங்கே போனாலும் முறை தப்பமாட்டாள் என்று இவ்வளவு நாளும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இப்போது எனக்கு அந்த வாய்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வழக்கமாய்ச் சொல்வதைச் சொல்ல வந்தாயோ, இல்லை அந்த இரண்டு வருடத்தைச் சொல்ல வந்தாயோ, இரண்டும் இல்லாமல் வேறு ஏதுமோ. மாமி தடுத்தது உனக்கு நோவாய் இருந்ததோ, ஆறுதலாய் இருந்ததோ. அன்றைக்கு நம் வீடு செத்தவீடாய் இல்லாமல் இருந்திருந்தால், என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாய் மனே?